இடுக்கியைக் கீழே வையுங்கள்!
கடல்தொட்டி: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் லைவ் ராக் (உயிரினங்கள் ஒட்டியிருக்கும் கடல்பாறை) கழுவுவது பற்றி எழுதும்போது, "பவளக் கிளைக்குள் நண்டு தெரிந்தால் பதற வேண்டாம்" என்று போகிற போக்கில் ஒரு வரி போட்டிருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரிக்குத்தான். சரி, இந்த முறை பக்கம் முழுவதும் நண்டுக்கே விட்டுவிடுகிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்திருக்கிறேன். பெயர்களை விட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

டீச்சர், கைப்பிடி அளவு போசிலோபோரா பவளம் ஒன்று வாங்கினேன். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்தால் கிளைகளுக்கு நடுவில் இரண்டு நண்டு! வெளிறிய உடம்பில் சிவப்புப் புள்ளிகள், கட்டைவிரல் நகம் அளவு. கடைக்காரரிடம் சொன்னால், "பவளத்தைத் தின்றுவிடும், இடுக்கியால் பிடுங்கிப் போடுங்கள்" என்கிறார். பிடுங்கட்டுமா?
— ஈஷூன், சிங்கப்பூர்

பிடுங்கக் கூடாது. அந்தப் பவளத்தோடு கடையிலிருந்து வந்தவற்றிலேயே உங்களுக்கு அதிக லாபம் அந்த இரண்டு நண்டுதான்.

அவை டிரபீசியா என்ற இனத்தைச் சேர்ந்தவை. புள்ளி வைத்தது, வலைப்பின்னல் கோடு போட்டது, ஒரே ஆரஞ்சு நிறத்தில் இருப்பது என்று இதில் பல வகை உண்டு. எந்த வகை என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ள வேண்டாம். டிரபீசியாதானா என்று தெரிந்தால் போதும். முதுகோடு வழவழவென்று பளபளக்கும். முன்பக்கம் அகன்று பின்பக்கம் குறுகியிருக்கும். கொடுக்குகள் இரண்டும் அந்தச் சின்ன உடம்புக்குச் சற்றும் பொருந்தாத நீளத்தில் இருக்கும். உடம்பில் மயிர் இருக்காது, சில வகைகளின் கொடுக்கில் மட்டும் பூனைமயிர் போலக் கொஞ்சம் தெரியும். போசிலோபோரா, ஸ்டைலோபோரா, சீரியாடோபோரா ஆகிய கிளைப் பவளங்கள்தான் இவற்றுக்கு வீடு. அக்ரோபோரா என்ற இன்னொரு கிளைப் பவளத்தில் குடியிருப்பது இதன் உறவுக்கார நண்டான டெட்ராலியா. கடலில் ஒரு பவளத்துக்கு வழக்கமாக ஒரே ஜோடி, ஆணும் பெண்ணும். உங்களிடம் இரண்டு இருப்பதாகச் சொல்கிறீர்கள், அநேகமாக ஜோடியாகவே வந்திருக்கிறது. மூன்றாவதாக ஒன்றை வாங்கி விட்டுவிடாதீர்கள். அதே அளவுள்ள இன்னொரு ஆணோ பெண்ணோ வந்தால் கால் முறியும் வரை சண்டை.

"தின்றுவிடும்" என்பதற்கு வருவோம். ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு, டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டிக்கொண்டு பத்து நிமிஷம் உட்காருங்கள். சிவப்பு வெளிச்சத்தை நண்டு அவ்வளவாகப் பொருட்படுத்தாது. என் மகன் வீட்டுத் தொட்டியில் நான் பார்ப்பது இதுதான்: நண்டு ஒரு கொடுக்கைக் கிளையில் ஊன்றிக்கொள்ளும். பின்னங்கால் ஒன்றை நீட்டி, பவளத்தின் மேல்தோலை மேலிருந்து கீழாக இரண்டு மூன்று தடவை வருடும். காலின் நுனியில் குட்டையான மயிர்கள் வரிசையாக, நெருக்கமாக இருக்கின்றன. அதில் பவளத்தின் சளி நூல் நூலாக ஒட்டிக்கொள்ளும். பிறகு காலை மடக்கி வாய்க்குக் கொண்டுபோய்த் துடைத்து எடுத்துவிட்டு, மறுபடி நீட்டும். சாப்பாடு அவ்வளவுதான். பவளத்தின் குட்டி உயிர்களான பாலிப்புகள் ஒரு கணம் சுருங்கி உடனே விரிந்துவிடும், சதை கிழிவதில்லை.

பவளமும் இதற்குத் தோதாகவே நடந்துகொள்கிறது. ஹவாயில் ஜான் ஸ்டிம்சன் என்ற ஆய்வாளர் 1990இல் ஒன்றைக் காட்டினார். நண்டு குடியிருக்கும் போசிலோபோரா, தன் உணர்கொம்புகளின் நுனியில் கொழுப்பு உருண்டைகளைச் செய்து வைக்கிறது. நண்டு அதை எடுத்துத் தின்கிறது. நண்டை எடுத்துவிட்டால் உருண்டை செய்வதும் குறைந்துவிடுகிறது. வாடகைக்கு வந்தவனுக்கு வீட்டுக்காரரே சோறு போடுகிற கதை.

பதிலுக்கு நண்டு என்ன செய்கிறது? பவளத்தை மேய்ந்து தீர்க்கும் முள்முடி நட்சத்திர மீன் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பனாமாவின் பசிபிக் கரையில் பீட்டர் கிளின் 1970களில் கவனித்தார்: அந்த நட்சத்திர மீன் போசிலோபோராவின் மேல் ஏறியதும் டிரபீசியா வெளியே வந்து அதன் குழல்கால்களைக் கிள்ளுகிறது, முள்ளைப் பிடித்து உலுக்குகிறது. அதே பவளத்தில் குடியிருக்கும் பிஸ்டல் இறாலும் கூடச் சேர்ந்துகொண்டு சொடுக்குகிறது. நட்சத்திர மீன் விட்டால் போதும் என்று இறங்கிப் போய்விடுகிறது. நகம் அளவு நண்டு, சாப்பாட்டுத் தட்டை விடப் பெரிய எதிரியை விரட்டுகிறது என்று வகுப்பில் நான் சொன்னபோது பிள்ளைகள் யாரும் நம்பவில்லை.

"என் தொட்டியில் முள்முடி எங்கே வரப்போகிறது" என்பீர்கள். வராது. ஆனால் தூசி வரும். டஹிட்டிக்குப் பக்கத்தில் உள்ள மூரியா தீவில் ஹன்னா ஸ்டூவர்ட்டும் அவர் குழுவும் செய்து 2006இல் வெளியிட்ட சோதனை ஒன்று இருக்கிறது. வெளிப்பாறையில் கிளைப் பவளங்களிலிருந்து நண்டுகளை மட்டும் எடுத்துவிட்டார்கள். ஒரு மாதத்துக்குள் அவற்றில் 45 முதல் 80 சதவீதம் செத்துவிட்டன. நண்டு இருந்தவை அத்தனையும் பிழைத்தன. காரணம், கிளைகளுக்கு நடுவே விழும் மணலையும் வண்டலையும் நண்டு இரவும் பகலும் வாரி வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. வீட்டுத் தொட்டியில் போசிலோபோரா பெரும்பாலும் அடியிலிருந்து, உட்புறத்தில்தான் சாக ஆரம்பிக்கும். நீரோட்டம் அங்கே சரியாகப் போகாது, மீன் கழிவும் உணவுத் துணுக்கும் தங்கிவிடும். அந்த இடத்தைப் பெருக்க உங்கள் கையோ குழாயோ நுழையாது. நண்டு நுழையும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. இரண்டு விரல் அகல ஃப்ராக்கில் (வெட்டி வளர்க்கும் பவளத் துண்டில்) வளர்ந்த நண்டு உட்கார்ந்தால் பாலிப்புகள் நாள் முழுக்க மூடியே கிடக்கும். கடலில் பவளம் எவ்வளவு பெரிதோ அதற்கேற்ற அளவில்தான் நண்டும் இருக்கும். உங்களுடையது கைப்பிடி அளவு என்கிறீர்கள், கவலை இல்லை.

கடைக்காரத் தம்பியிடமும் இதைச் சொல்லுங்கள். பாவம், அவரும் யாரோ சொன்னதைத்தான் திருப்பிச் சொல்லியிருப்பார்.

எங்கள் தொட்டியிலும் ஒரு நண்டு உண்டு, ஆனால் பவளத்தில் இல்லை, பாறைப் பொந்தில். பழுப்பு நிறம், உடம்பெல்லாம் மயிர், கொடுக்கு நுனி கறுப்பு. ஸோவான்திட் பவளங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. காலையில் பார்த்தால் நத்தை ஓடு காலியாகக் கிடக்கிறது. இதையும் விட்டு வைக்கவா அக்கா?
— ஸ்கார்பரோ, டொராண்டோ

இதை விட்டு வைக்காதீர்கள். தொட்டி வளர்ப்பவர்கள் கொரில்லா நண்டு என்று பொதுப்பெயர் வைத்திருப்பது இந்தக் கூட்டத்துக்குத்தான். ஒரே இனம் கிடையாது. சாந்திடே குடும்பத்திலும் அதை ஒட்டிய குடும்பங்களிலும் உள்ள மயிர் நண்டுகள் பலவற்றையும் அந்தப் பெயரில் சேர்த்துவிடுகிறார்கள். குட்டியாக இருக்கும்போது பாசியைப் பிராண்டிக்கொண்டு சாதுவாக இருக்கும். வளர வளர நத்தை, ஸோவான்திட், தூங்குகிற சின்ன மீன் என்று எதுவும் மிஞ்சாது.

பிடிப்பதற்கு ஒரு கண்ணாடி டம்ளர் போதும். உள்ளே பச்சை இறால் துண்டு ஒன்றைப் போட்டு, பொந்துக்குப் பக்கத்தில் பாறையில் சாய்த்து வையுங்கள். வாய்ப்பகுதி பாறையைத் தொட வேண்டும், அடிப்பாகம் மணலில் இருக்க வேண்டும். ராத்திரி வாசனை பிடித்து இறங்கும். வழுக்குகிற கண்ணாடியில் ஏறி வர முடியாது. விடியற்காலையில் விளக்கு எரிவதற்கு முன்னால் போய்ப் பாருங்கள். சில கெட்டிக்கார நண்டுகள் நாட்கணக்கில் இறங்காது. அப்போது அந்தப் பாறையையே வெளியே எடுத்து, வாளிக்கு மேலே பிடித்துக்கொண்டு, சுவை சேர்க்காத சோடாவை ஊசிக்குழலில் எடுத்துப் பொந்துக்குள் பீய்ச்சினால் வெளியே ஓடிவரும். இதைத் தொட்டிக்குள் வைத்துச் செய்யாதீர்கள். பாறையைத் தொட்டி நீரிலேயே அலசிவிட்டுத் திரும்ப வையுங்கள். பிடித்ததைக் கொல்ல மனமில்லை என்றால் கீழே சம்ப்பில் (அடியிலுள்ள வடிகட்டித் தொட்டியில்) விட்டு வளர்க்கலாம், அங்கே அது கெடுக்க ஒன்றும் இல்லை. எது செய்தாலும் கொண்டுபோய் ஏரியில் கொட்டாதீர்கள்.

ஆனால் "கறுப்பு நுனி, மயிர்" என்ற இரண்டு அடையாளத்தை மட்டும் வைத்துக்கொண்டு எல்லோரையும் தூக்கில் போடவும் கூடாது. சைமோ மெலனோடாக்டைலஸ் என்று அக்ரோபோராவில் வாழும் நண்டு ஒன்று உண்டு. அதற்கும் கறுத்த விரல், சொரசொர உடம்பு. வெள்ளை நோய் பிடித்துச் சதை உரிகிற அக்ரோபோராவில் இது கூட்டமாக இருப்பதைப் பார்த்து, நோயைக் கொண்டுவந்ததே இதுதான் என்று பலர் நினைத்தார்கள். 2013இல் வந்த ஆய்வு அதைத் தலைகீழாக்கிவிட்டது. நண்டை எடுத்துவிட்ட பவளங்களில் நோய் மூன்று மடங்குக்கு மேல் வேகமாகப் பரவியது. சைமோ பவளத்தின் சதையைக் கொறிக்கத்தான் செய்கிறது. ஆனால் நோய்ப்பட்ட விளிம்பையும் அதுவே கொறித்து எடுத்துவிடுகிறது.

ஆகவே முதலில் நண்டு எங்கே குடியிருக்கிறது என்று பாருங்கள், நிறமும் மயிரும் அப்புறம். பவளக் கிளைக்குள்ளேயே நிலையாக இருப்பது ஒரு சாதி. பாறைப் பொந்திலிருந்து ராத்திரி கிளம்பி மேய்ச்சலுக்குப் போவது வேறு சாதி. உங்களுடையது சந்தேகமே இல்லாமல் இரண்டாவது.

என் டிரபீசியா செத்துவிட்டது மேடம். காலையில் மணலில் மல்லாக்கக் கிடந்தது. இரண்டு வருடம் வளர்த்தது. என்ன காரணமாக இருக்கும்?
— துபாய்

உங்கள் கடிதம் வந்த மூன்றாம் நாளே இன்னொரு கடிதம்: "மன்னிக்கவும், உயிரோடுதான் இருக்கிறது!" இரண்டையும் சேர்த்தே பதில் சொல்கிறேன், இந்தப் பதற்றம் எல்லாருக்கும் வருகிறது.

அது ஓடு கழற்றிப் போட்டிருக்கிறது. அடுத்த தடவை துக்கம் கொண்டாடுவதற்கு முன் முதுகுப்பக்கத்தைப் பாருங்கள். முதுகோடும் வயிறும் சேரும் இடத்தில் பின்பக்கமாகப் பிளந்து, மூடி திறந்தாற்போல் இருக்கும். உள்ளே ஒன்றும் இருக்காது, கண் இருந்த இடம் கண்ணாடி போலத் தெரியும். உண்மையிலேயே செத்த நண்டு நாறும். வெறும் ஓடு நாறாது. கழற்றிய நண்டு உடம்பு இறுகும்வரை கிளைகளின் ஆழத்தில் ஒளிந்துகொள்ளும். அந்த நாட்களில் பவளத்தை இடம் மாற்றாதீர்கள், குச்சியால் குத்திப் பார்க்காதீர்கள்.

ஓடு கழற்றுவதற்கென்று அயோடின் சொட்டு விடச் சொல்வார்கள். தேவையில்லை. ஒழுங்காகத் தண்ணீர் மாற்றி, நல்ல உப்புக்கலவை போட்டு வந்தால் அதுவே போதும். சோதிக்காமல் ஊற்றுகிற எதுவும் தொட்டிக்கு ஆபத்துதான்.

எங்கள் பேர்ட்ஸ்நெஸ்ட் பவளத்தில் இரண்டு மூன்று கிளை நுனி மட்டும் உப்பி, மொட்டு மாதிரி மூடிக்கொண்டிருக்கிறது. வரிசையாகச் சின்னத் துளைகள். உள்ளே ஏதோ அசைகிற மாதிரி இருக்கிறது. நோயா?
— கிள்ளான், மலேசியா

நோய் இல்லை. உங்களுக்கு வாய்த்திருப்பது பலரும் வாழ்நாளில் பார்க்காத ஒன்று. பேர்ட்ஸ்நெஸ்ட் என்று கடைகளில் விற்பது சீரியாடோபோரா. அதன் நுனியில் இருப்பது முடிச்சு நண்டு, ஹபலோகார்சினஸ் மார்சுபியாலிஸ். 1859இல் வில்லியம் ஸ்டிம்ப்சன் பெயர் வைத்தது.

குட்டியாக இருக்கும்போது பெண் நண்டு கிளை பிரியும் கவட்டில் வந்து உட்காருகிறது. அங்கேயே இருந்துகொண்டு நீரை உள்ளே இழுத்து வெளியே விடுகிறது. அந்த ஓட்டத்துக்கு இடம் விட்டு, பவளம் இரண்டு பக்கமும் தட்டையாக வளர ஆரம்பிக்கிறது. வளர்ந்து வளர்ந்து மேலே வந்து ஒன்றோடு ஒன்று சேர்ந்துவிடும். மிஞ்சுவது நீங்கள் பார்த்த அந்தத் துளைவரிசை மட்டும். உள்ளே நண்டு சிறைப்பட்டுவிட்டது, இனி வாழ்நாள் முழுக்க அங்கேதான். துளைவழியாக வரும் நீர்தான் அதற்கு மூச்சும் சாப்பாடும்.

அப்படியானால் குடும்பம்? ஆண் நண்டு பெண்ணைவிட மிகச் சிறியது. அது வெளியில்தான் சுற்றும். அறை முழுதாக மூடுவதற்கு முன்போ, துளை வழியாக நுழைந்தோ வந்து போகும். பெண்ணின் வயிற்று மடல் பெரிய பை போல விரிந்திருக்கும், முட்டைகளை அதில் வைத்துக் காக்கும். பொரித்த குஞ்சுகள் துளை வழியாக வெளியே நீந்திவிடும். உங்கள் தொட்டியில் அவை வளர்ந்து பெரிதாகும் என்று எதிர்பார்க்காதீர்கள். வடிகட்டியும் பவளங்களுமாகச் சேர்ந்து தீர்த்துவிடும்.

பவளத்துக்கு இதனால் பெரிய கேடு இல்லை. அந்த நுனி மட்டும் மேலே வளராது. மூளைப் பவளங்களில் இதே குடும்பத்து நண்டுகள் வேறு மாதிரி, வட்டமாகவோ பிறைவடிவமாகவோ குழி பறித்துக்கொண்டு இருக்கும். வாசலில் தலை மட்டும் தெரியும். அதையும் தோண்டி எடுக்கப் பார்க்காதீர்கள். ஃப்ராக் வெட்டும்போது மட்டும் முடிச்சுள்ள கிளையை விட்டுவிட்டு வேறு கிளையில் கத்திரி வையுங்கள்.

நேரம் கிடைத்தால் லென்ஸ் வைத்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். வெட்டித் திறந்து பார்க்க மட்டும் ஆசைப்பட வேண்டாம்.

புதிதாக வாங்கும் பவளத்தை டிப் மருந்தில் முக்கித்தான் தொட்டியில் வைக்க வேண்டும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முக்கினால் நண்டு செத்துவிடுமே?
— ஹாரோ, லண்டன்

சாகும். தட்டைப்புழுவையும் சிவப்புப் பூச்சியையும் கொல்லும் மருந்துக்கு நல்ல நண்டு, கெட்ட பூச்சி என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. அதிலும் தோட்டத்துப் பூச்சிமருந்தைக் கரைத்துச் செய்யும் டிப் என்றால் நண்டு, இறால் எதுவும் மிஞ்சாது.

அதற்காக முக்காமலும் இருக்க முடியாது, ஒரு தட்டைப்புழு முட்டை போதும் அக்ரோபோராத் தொட்டியையே காலி செய்ய. ஆகவே முதலில் நண்டை வெளியேற்றுங்கள். பவளத்தை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில், வந்த பையின் தண்ணீரிலேயே வையுங்கள். வெள்ளையாக இருந்தால்தான் ஓடுவது தெரியும். பெரிய ரப்பர் குமிழ் வைத்த குழாயால் கிளைகளுக்கு இடையில் பீய்ச்சுங்கள். முதலில் நண்டு இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அடுத்து, முனை மழுங்கிய மூங்கில் குச்சியால் பின்னாலிருந்து மெதுவாகத் தள்ளுங்கள். முன்னாலிருந்து தள்ளினால் குச்சியையே பிடித்துக்கொண்டு விடாது, அவசரப்பட்டு இழுத்தால் கால் உங்கள் கையோடு வரும். எவ்வளவு செய்தும் வரவில்லை என்றால் டிப்பில் வைத்ததும் அதுவே துள்ளி விழும். அந்தக் கணமே கரண்டியால் அள்ளித் தயாராக வைத்த தொட்டி நீரில் போடுங்கள். கண்ணை எடுக்காமல் நின்றால் பல நண்டுகளைக் காப்பாற்றிவிடலாம்.

திரும்ப விடுவதும் ஒரு வேலை. மேலிருந்து போட்டீர்கள் என்றால் அடிக்குப் போய்ச் சேர்வதற்குள் மீன் கொத்திவிடும். பம்பை அணைத்துவிட்டு, ஒரு குழாயைப் பவளத்தின் மேல் நேராக நிறுத்தி, அதன் வழியாக இறக்குங்கள். கிளையைத் தொட்டதும் உள்ளே போய்விடும்.

இன்னொன்று. சிவப்புப் பூச்சிக்கென்று நாய்க்குக் கொடுக்கும் இதயப்புழு மாத்திரையை, அதாவது மில்பமைசின் ஆக்சைமை, தொட்டி முழுவதும் கரைக்கிறார்கள். அது வேலை செய்யும். தொட்டியில் உள்ள நண்டு, இறால் எல்லாவற்றின் மேலும் வேலை செய்யும். ஊற்றுவதற்கு முன்னால் டிரபீசியாக்களைப் பிடித்து வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள், முடியாது என்றால் ஊற்றாதீர்கள்.

ஃப்ளேம் ஹாக்மீன் வாங்கலாமா? டிரபீசியா இருக்கிறது.
— ஜூரோங், சிங்கப்பூர்

வேண்டாம். அந்த மீன் கடலில் உட்காருவதே போசிலோபோராக் கிளையில்தான்; சின்ன நண்டும் இறாலும்தான் அதன் சாப்பாடு. சிக்ஸ்லைன் ராஸ் மீனும் ஓடு இறுகாத நண்டைப் பார்த்தால் விடாது. டிரிகர் மீன் பற்றிப் பேசவே வேண்டாம்.

சென்னைக் கடை ஒன்றில் உயிருள்ள போசிலோபோராவை, உள்ளே நண்டோடு, கமுக்கமாகத் தருவதாகச் சொல்கிறார்கள். விலையும் பரவாயில்லை. வாங்கலாமா மேடம்?
— பெரம்பூர், சென்னை

வாங்கக் கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001 முதலே கல்பவளங்கள் அனைத்தும் இருக்கின்றன. முதல் அட்டவணை என்றால் புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். கமுக்கமாகத் தருகிறேன் என்று சொல்லும்போதே அவருக்கும் அது தெரியும் என்று புரிய வேண்டாமா? செத்துக் காய்ந்த பவளத்தை ஷோகேஸில் வைப்பதற்கும் இதே கதிதான்.

நான் தூத்துக்குடிக்காரி. கட்டடத்துக்கும் சுண்ணாம்புக்கும் பவளக்கல்லை வள்ளம் வள்ளமாக அள்ளிக் கரையில் குவித்ததைப் பார்த்து வளர்ந்தவள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் 1986இல் தேசியப் பூங்கா என்று அறிவித்த பிறகும் திருட்டுத்தனமாக அள்ளினார்கள். 2005 வாக்கில்தான் அது ஓய்ந்தது. இப்போது கடையில் பாலிதீன் பையில் போட்டு அதையே மறுபடி ஆரம்பிக்க வேண்டுமா? உங்கள் பையில் வரும் அந்த நண்டு கடலில் ஏதோ ஒரு பவளப்பாரில் ஒரு கிளையைக் காவல் காத்துக்கொண்டிருந்ததுதான்.

கடல்தொட்டி வைக்கும் ஆசையை நான் தடுக்கவில்லை. க்ளவுன்மீனைச் செயற்கை முறையில் குஞ்சு பொரித்து வளர்க்கும் தொழில்நுட்பத்தை நம் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமே உருவாக்கியிருக்கிறது. அப்படி வளர்த்த மீன்களை, செயற்கைப் பாறை வைத்த தொட்டியில் விடுங்கள். சிங்கப்பூரில், கனடாவில் இருக்கும் வாசகர்களும் வாங்கும்போது தொட்டியிலேயே வெட்டி வளர்த்த ஃப்ராக்கைக் கேட்டு வாங்குங்கள். கல்பவளம் நாடு விட்டு நாடு போகவே சைட்டிஸ் (அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) அனுமதி வேண்டும், அங்கேயும் கணக்கு இல்லாமல் இல்லை.

சில நாட்களாக நண்டு பவளத்தை விட்டு வெளியே வந்து, பக்கத்துப் பாறையிலும் பம்ப் மேலேயும் உட்கார்ந்திருக்கிறது. பவளம் கொஞ்சம் வெளுத்த மாதிரியும் இருக்கிறது, என் கண்ணுக்கு மட்டும் அப்படித் தெரிகிறதோ என்னவோ.
— மெல்பர்ன்

உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. டிரபீசியா சும்மா வீடு மாறாது. பவளம் வெளுக்கும்போது சளியும் கொழுப்பும் குறைகின்றன, நண்டுக்குச் சோறு போய்விடுகிறது. கடலிலும் வெளுத்த பவளங்களில் நண்டின் எண்ணிக்கை குறைவதை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். நண்டை விட்டுவிட்டுத் தண்ணீரைச் சோதியுங்கள்.

முதலில் வெப்பம். கோடையில் சில்லர் ஒழுங்காக ஓடுகிறதா? 25, 26 டிகிரியில் நிற்க வேண்டும். 29, 30ஐத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் பவளம் வெளுக்கும். பிறகு உப்பு 35 பி.பி.டி., காரத்தன்மை 8 முதல் 9 டி.கே.ஹெச்., கால்சியம் 400 முதல் 450 பி.பி.எம். எண் சரியாக இருக்கிறதா என்பதைவிட நேற்றுக்கும் இன்றைக்கும் ஒரே எண் இருக்கிறதா என்று பாருங்கள். காரத்தன்மை ஒரே நாளில் ஏறி இறங்குவதுதான் போசிலோபோராவுக்கு எமன். புது எல்ஈடி விளக்கு மாட்டியிருந்தால் அதன் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து, வாரக்கணக்கில் மெல்ல ஏற்றுங்கள். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யம் என்று பெருமைப்படுபவர்களின் தொட்டியிலும் பவளம் வெளுக்கும், அவை கொஞ்சமாவது இருக்க வேண்டும்.

அதுவரை நண்டு பட்டினி கிடக்க வேண்டாம். உறைய வைத்த மைசிஸ் இறாலை நன்றாக நசுக்கி, விளக்கு அணைந்த பிறகு அதன் பக்கத்தில் ஒரு துளி விடுங்கள். பவளம் தேறியதும் தானாக உள்ளே போய்விடும். பம்பின் உறிஞ்சுவாயில் மட்டும் ஒரு வலை கட்டிவிடுங்கள், இன்றைக்கே.

கேட்கக் கூடாதோ என்னவோ, டீச்சர்... இந்தப் பவளப்பாறை நண்டுகளைச் சமைத்துச் சாப்பிடலாமா? பெரிதாக வளர்ந்த ஒன்று பாறையில் இருக்கிறது. சிவப்பில் வெள்ளைக் கட்டம் போட்டது போல அழகாக இருக்கிறது.
— தெம்பனிஸ், சிங்கப்பூர்

கேட்டது நல்லதாகப் போயிற்று! டிரபீசியாவில் தின்ன ஒன்றும் இல்லை. ஆனால் பாறையில் வளரும் சாந்திடே குடும்பத்து நண்டுகள் சிலவற்றில் ஆளைக் கொல்லும் நஞ்சு உண்டு. சோசிமஸ் ஏனியஸ் என்ற நண்டைத் தின்று பசிபிக் தீவுகளில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். சிங்கப்பூர்க் கடலிலேயே மொசைக் நண்டு என்று, நீங்கள் சொல்வது போலவே சிவப்பும் வெள்ளையுமாக ஒன்று உண்டு, லோபோசோசிமஸ் பிக்டர். அதில் இருப்பது பாலிடாக்சின் வகை நஞ்சு. வேக வைத்தாலும் பொரித்தாலும் இந்த நஞ்சுகள் முறியாது, எந்த மசாலாவும் உதவாது.

உங்களிடம் இருப்பது அதுதானா என்று ஒரு வரிக் கடிதத்தில் சொல்ல முடியாது. என்ன நண்டு என்று தெரியும் வரை வெறுங்கையால் தொடாதீர்கள், வீட்டில் குழந்தைகள் இருந்தால் தொட்டிக்கு மூடி போடுங்கள். நண்டுக் குழம்புக்கு மனசு கேட்டால் தேக்கா மார்க்கெட்டில் நீலக்கால் நண்டு கிடைக்கும். நிறைய மிளகு தட்டிப் போடுங்கள்.